வலிப்பு நோய் உள்ள குழந்தை: எதைத் தடுக்கணும், எதை விடணும்?

“ஓடாதே, விழுந்துடுவே.” “ஸ்கூல் டூர் எல்லாம் வேண்டாம்.” வலிப்பு நோய் உள்ள குழந்தை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளை கண்ணெதிரே கை கால் வெட்டி இழுத்து விழுந்ததை ஒருமுறை பார்த்த பெற்றோருக்குப் பயம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால், பிள்ளையை கிரவுண்டுக்கே விடாத பெற்றோர் பலர், வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்வதில்லை. பெண் குழந்தை என்றால் இன்னும் ரகசியம். “நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே!” இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது உண்மைதான். அதை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். வீடுகளில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

உலகில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

அப்படியானால் எதில் கவனம் வேண்டும்? தண்ணீர், உயரம், நெருப்பு. நீச்சலுக்கு அனுப்பலாமா என்று முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். சரி என்றால், விஷயம் தெரிந்த, நீச்சலும் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தினால் போதும். சைக்கிள் என்றால் ஹெல்மெட்டோடு, வண்டி வராத இடத்தில். ஓட்டம், கால்பந்து போன்றவற்றைப் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடுக்க வேண்டியதில்லை. 1992 உலகக் கோப்பையில் ஸ்டம்புகள் மேல் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் உண்டு.

டிவி, போன்? மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வருவது, இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்குத்தான். ஆனால் நள்ளிரவு வரை போன் பார்த்துத் தூக்கம் கெட்டால் அது வலிப்பைத் தூண்டலாம். போனைப் பிடுங்கி வைக்க அந்தக் காரணமே போதும்!

பள்ளியில் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், சட்டைக் காலரைத் தளர்த்தணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. மணியைப் பார்க்கணும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ உடனே 108. இது தெரிந்த டீச்சர் இருந்தால், அந்த ஸ்கூல் டூருக்கு ‘சரி’ சொல்வது கொஞ்சம் சுலபம்.

பெற்றோர் விட்டுக்கொடுக்கக் கூடாதது மாத்திரை நேரத்தைத்தான். ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரலாம். வலிப்பு நின்றுவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது இன்னும் ஆபத்து. பிள்ளை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வரும்போது இந்தப் பொறுப்பையும் மெல்ல மெல்ல அவர்களிடமே கொடுக்கலாம். அவர்கள் போனில் ஒரு அலாரம், வாரம் ஒருமுறை அம்மாவோ அப்பாவோ மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் போதும்.