மாட்டுக் கொட்டிலும் சாதிச் சான்றிதழும்

கிறிஸ்து பிறப்புக் கதை ஒரு அரசாங்கக் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. எல்லோரும் பெயர் பதிய வேண்டுமென்று அகுஸ்து சீசர் கட்டளை போட்டதாக லூக்கா எழுதுகிறார். சூசை தாவீதின் குலம். ஆகவே நாசரேத்தில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் நிறைமாசக்காரியான மரியாளைக் கூட்டிக்கொண்டு முன்னோர் ஊரான பெத்லகேமுக்குப் போகவேண்டியதாகிறது. சத்திரத்தில் இடமில்லை. கொட்டிலில் பிள்ளை பிறக்கிறது. குடில், நட்சத்திரம், கேக் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது, 'உன் பேர் என்ன, நீ என்ன குலம்?' என்று ராஜ்யம் கேட்ட கேள்விதான்.

வேலூர் - ஆம்பூர் தோல் பகுதியில் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கும் மக்கள் அதற்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை விளக்கப் பார்க்கிறேன். (பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பிலுள்ள கோயிலும் அதன் சுற்றுவட்ட மக்களும்.) நான் போய்ப் பழகுகிற பங்கின் பெயரையோ, என்னிடம் பேசியவர்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. காரணம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இடம். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஓடும் தோல் தொழில் இந்தப் பிரிவினையைச் சட்டை செய்யவில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதனிட்டுச் சீமைக்குக் கப்பலேற்றிய காலம் ஒன்று. பிறகு குரோமியம் வந்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தபின் ஷூ கம்பெனிகள் பெருகின. முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். பச்சைத் தோலில் உப்பை உதறி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுத்து, மயிரும் சவ்வும் நீக்குகிற வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். மாடு உயிரோடு இருந்தால் புனிதம், செத்தால் தீட்டு என்று வகுத்து வைத்த சமூகம், அந்தத் தீட்டைத் தொட்டு உழைக்க ஒரு ஜனத்தையும் வகுத்து வைத்திருந்தது. இன்று அந்த வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்து அப்பர் தைக்கிறார்கள். ஜோடிகளை வீட்டுக்கு வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து கையால் தைக்கிறவர்களும் உண்டு.

இவர்களிடம் கிறித்தவம் பல வாசல் வழியாக வந்தது. வேலூரில் அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஆற்காடு மிஷன். ஆம்பூரில் மிசௌரி லுத்தரன்கள். கத்தோலிக்கம், தெற்கே சேத்துப்பட்டில், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி தாராஸ் சாமியார் என்ற பிரெஞ்சு மிஷனரி சேரிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததிலிருந்து வேர் பிடித்தது. 1928-இல் சலேசிய சபையார் வட ஆர்க்காட்டுக்கு வந்தார்கள். 1952-இல் வேலூர் தனி மறைமாவட்டம் ஆயிற்று. 'கஞ்சிக்கு மதம் மாறினவங்க' என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றாதவன் எந்த மதம் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் பிறந்ததும் பங்கில் வேலை தொடங்கிவிடும். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாலு ஞாயிறும் திருவருகைக் காலம். சாமியார் ஊதா உடுப்பில் பூசை வைப்பார். (இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு புத்தகத்தில் 'திருப்பலி' என்று போட்டாலும் வாயில் வருவது பூசைதான்.) அன்பியங்கள் என்று சொல்லப்படுகிற தெருக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் ராத்திரியில் பாட்டோடும் மேளத்தோடும் வீடு வீடாகப் போவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். மூங்கில் சிம்பில் கலர் பேப்பர் ஒட்டிய நட்சத்திரம் போய் பிளாஸ்டிக் நட்சத்திரம் வந்துவிட்டது. ஆனால் வாசலில் அது தொங்காத கிறித்தவ வீடு அபூர்வம். கோயிலில் இளைஞர்கள் குடில் கட்டுகிறார்கள். வைக்கோல் கூரை. தட்டுகளில் கேழ்வரகை முளைக்க வைத்துப் புல்வெளி. அதற்குள் சூசையப்பர், தேவமாதா, இடையர்கள், ஆடு, கழுதை, மாடு.

இந்த மாடு எங்கிருந்து வந்தது? நற்செய்தியில் பிறப்பு நடந்த இடத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. லூக்காவில் தீவனத் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. மாடும் கழுதையும்கூடத் தம் எஜமானை அறிந்திருக்க, ஜனங்கள் அறியவில்லை என்ற முறையீடு ஏசாயா ஆகமத்தில் வருகிறது. பிற்காலக் கிறித்தவர்கள் அங்கிருந்துதான் இரண்டையும் கொட்டிலுக்கு ஓட்டி வந்தார்கள். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்புத் திருநாளைக் கொண்டாடினார். குடில் கட்டும் வழக்கம் உலகமெங்கும் பரவ அது பெரிய காரணம்.

ஐரோப்பாவின் மாடு ஆம்பூர்ப் பக்கம் வந்து நிற்கும்போது வேறு பிரதியாகிவிடுகிறது. டேனரியில் காலம் கழித்த ஒரு பெரியவர் குடில் முன்னால் நின்றுகொண்டு சிரித்தபடி சொன்னார்: "உள்ள வர்றது பூரா வெறும் தோலுதான் தம்பி. நாலு காலு, கொம்பு, கண்ணோட முழுசா எங்கள பாத்துகினு நிக்கிற மாடு இது ஒண்ணுதான்." மறுநாள் அவர் வீட்டில் வேகப்போவதும் மாட்டுக்கறிதான், அதில் அவருக்கு எந்த முரண்பாடும் கிடையாது. முரண்பாடு மற்றவர்களுக்குத்தான். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்து, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆதிதிராவிடர் - பழங்குடியினர் ஆணையம் கேள்வி கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரின் பேரைச் சொல்லி நடக்கும் விழாவில் ஊரார் சாப்பிடும் மாட்டுக்கு இடமில்லை. குடிலில் மட்டும் அது கடவுளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

24-ஆம் தேதி ராத்திரிப் பூசையில் வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் ஒன்றாக அடிக்கும். பாலன் சுரூபத்தைக் குடிலில் கிடத்துவார்கள். பிறகு சனம் வரிசையாக வந்து பாலனை முத்தி செய்யும். சுண்ணாம்பும் கெமிக்கலும் தின்ற விரல்கள் அந்தச் சுரூபத்தைத் தொடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்தினைப் படித்த நமக்கு இதைக் 'கார்னிவல்' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம்: தீட்டும் புனிதமும் தலைகீழாகிற ஒரு ராத்திரி, விடிந்தால் பழைய ஒழுங்கு. எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை. இங்கே பழைய ஒழுங்கு விடியும்வரை காத்திருப்பதில்லை. பூசை நடக்கும்போதே நோட்டுப் புத்தகத்தோடு கோயில் வாசலில் நிற்கிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதமல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் அட்டவணைச் சாதியராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறித்தவர் ஆனால் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு இல்லை. ஒரே சேரி, ஒரே டேனரி, ஒரே வசவு. ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டு ஜாதி.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்குத் தெரியவந்த சூசை, 1726-இல் வீரமாமுனிவர் பாடி முடித்த தேம்பாவணியின் நாயகன் வளன், அரச குலத்தவன். பிறகுதான் இன்னொரு சூசையைத் தெரிந்துகொண்டேன். அவர் சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர், கிறித்தவர். 1982-இல் அரசு ரோட்டோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. சாதியால் வந்த இழிவும் இடர்ப்பாடும் புதிய மதத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பெத்லகேமில் தச்சன் சூசைக்குச் சத்திரத்தில் இடமில்லை. சென்னையில் சக்கிலி வேலை செய்த சூசைக்குப் பெட்டிக்கடையில் இடமில்லை. தோலைத் தொடுகிற கையை மாற்றாத மதமாற்றம், பட்டியலில் அவர் பெயரை மட்டும் மாற்றிவிட்டது.

அந்த நிரூபணத்துக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் சாதிக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் பொதுவான சவ ஊர்வலப் பாதைகூடக் கிடையாது. தலித்துகள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தலித்துகளுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. 'எங்கள் மதத்தில் சாதி இல்லை' என்று பீடத்திலிருந்து சொன்ன ஒவ்வொரு பிரசங்கமும் சூசைக்கு எதிரான சாட்சியாகத்தான் ஆகியிருக்கும்.

இப்போது மக்கள் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். ஷூ கம்பெனியில் வேலை செய்கிற ஒரு அக்கா, நட்சத்திரத்துக்கு ஒயர் இழுத்துக்கொண்டே சொன்னார்: "கோயில்ல ஒரு பேரு, ஆபீசுல ஒரு பேரு. ரெண்டும் நான்தான் தம்பி. அவங்களுக்குத்தான் அதுல ஒண்ணு பொய்யா இருக்கணும்." ராஜ்கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இந்த இடத்தில்தான் போய் முட்டி முடிகிறது, கத்தோலிக்கனாக வளர்ந்த சிலுவை, வேலைக்காக இந்துவாக மதம் மாறவேண்டி வருகிறது. நாவலில் அது கசப்பான சிரிப்பு. வாழ்க்கையில் அது தினசரி ஜாக்கிரதை: பத்திரிகையில் எந்தப் பேர் போடுவது, குடிலின் முன் எடுத்த போட்டோவை யாருக்கு அனுப்புவது.

இந்த ஜாக்கிரதை வீண் பயமில்லை. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காக அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் என்பதை எடுத்துக்காட்டி, நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை அங்கே ஆவணம். அப்படியானால் வாசல் நட்சத்திரம் ஒரு தடயம். ராத்திரிப் பூசைக்குப் போவது ஒரு வாக்குமூலம். ஞானஸ்நானப் பதிவேடு, மோட்சத்துக்கு வழி சொன்னாலும், தாலுகா ஆபீசில் எதிர்த்தரப்பு சாட்சி. எழுதுகிற நாமும் இதில் தப்பவில்லை. 'மக்கள் பண்பாட்டைப் பதிவு செய்கிறோம்' என்று ஊர், பேர், படத்தோடு நாம் அச்சிடுகிற கட்டுரையும் அதே நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம்தான். நான் பெயர்களை விட்டதற்குக் காரணம் இது.

பகுத்தறிவு பேசும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பக்தி அவரவர் சொந்த விஷயம், அதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். சொந்த விஷயம் என்று நாம் ஒதுக்கினாலும் ராஜ்யம் ஒதுக்கவில்லை. சாதியைக் கணக்கிட மதத்தைக் கேட்கிறது. மதத்தை இதிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். தலித் கிறித்தவர்கள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். அந்த ஊர்வலத்தில் நம்மில் எத்தனை பேரைப் பார்க்க முடிகிறது? 'சான்றிதழுக்காக ரெட்டை வேஷம்' என்று கேலி பேசுவதில் மட்டும் இந்துத்துவர்களும் நாமும் சில சமயம் ஒரே குரலில் பேசிவிடுகிறோம். வேஷத்தைக் கட்டிவிட்டது மூன்றாம் பத்தி.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வருகிறவர் தோல் பகுதியின் தெருக்களுக்குள் நுழையும்போது, பேர், மதம், சாதி என்ற மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வரும். அந்த அக்காவிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒயரைப் பல்லில் கடித்துச் சீவிக்கொண்டே, "யாரு கேக்கறாங்க, எதுக்குக் கேக்கறாங்கன்னு பாத்துட்டுதான் சொல்வேன்" என்றார். பிறகு சுவிட்சைப் போட்டார். நட்சத்திரம் எரிந்தது.