பங்கில்லாதவரும் சிரத்தையில்லாதவரும்

ஆங்கிலத்தில் நித்தியம் எழுதிப் பழகியவர்களே தடுமாறுகிற இரட்டைச் சொற்களுள் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’, ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்பவற்றுக்கு ஒரு விசேஷ ஸ்தானம் உண்டு. முன்னது, ஒரு விவகாரத்தில் தமக்கென்று லாபநஷ்டம் எதுவும் இல்லாமையால் பட்சபாதமின்றி அபிப்பிராயம் சொல்லத் தகுந்தவரைக் குறிப்பது. பின்னது, அதே விவகாரம் காதில் விழும்போது கொட்டாவி விடுகிறவரைக் குறிப்பது.

இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை அகராதியைக் காட்டிலும் நன்றாக விளக்குவது, இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1852-ஆம் ஆண்டில் தீர்த்த ஒரு வழக்கு. கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனிக்கும், அக்கால்வாய் செல்லும் நிலத்தில் பாத்தியதை கொண்டாடிய டைம்ஸ் என்பவருக்கும் நெடுங்காலம் நடந்த வியாஜ்யத்தில், கம்பெனிக்குச் சாதகமாகத் துணை சான்ஸலர் இட்ட உத்தரவை, லார்டு சான்ஸலராயிருந்த காட்டன்ஹாம் பிரபு ஊர்ஜிதம் செய்தார். அதே கம்பெனியில் பல ஆயிரம் பவுன் பெறுமானமுள்ள பங்குகள் அவர் வசம் இருந்த செய்தி டைம்ஸுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அந்தப் பங்குகள் அவருடைய புத்தியை எள்ளளவும் சாய்த்திருக்குமென்று எவரும் கருதமுடியாது என்பதை, சபையில் வழக்கைத் தீர்த்தவர்களுள் ஒருவரான லார்டு காம்ப்பெல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆயினும், தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்னும் விதி பெரியது என்று கொண்டு, காட்டன்ஹாமின் உத்தரவைச் சபை ரத்து செய்தது. (துணை சான்ஸலரின் உத்தரவு சரியென்றே சபை கண்டபடியால், இவ்வளவுக்கும் பிறகு டைம்ஸ் தோற்றுத்தான் போனார்!)

அங்கே எழுந்த ஆட்சேபம் நீதிபதியின் சிரத்தையைப் பற்றியதன்று, அவருடைய சம்பந்தத்தைப் பற்றியது. வக்கீல் வாதிக்கையில் ஆசனத்தில் கண்ணயர்கிற நீதிபதி ஒருவருக்குக் கம்பெனியில் ஒரு பங்குகூட இல்லாதிருக்கலாம். அவர் முதற் சொல்லுக்கும் உரியவர், இரண்டாவதற்கும் உரியவர், வழக்காளிகளுக்கு மட்டும் உபயோகமற்றவர்.

இந்தப் பேதம் ஆதியிலிருந்தே வந்தது என்று இலக்கண வாத்தியார்கள் சாதிப்பதற்குச் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே கவிஞர் ஜான் டன் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்பதை அசிரத்தை என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். மற்றச் சொல்லோ, அக்காலத்தில் பட்சபாதமின்மையைக் குறித்து, பின்னரே இடம் மாறியது. அகராதிகளும் இன்று முதற் சொல்லுக்கு இரு பொருளையும் பதிவு செய்துவிட்டன. எனினும், பழமையை விட்டுவிட்டு உபயோகத்தைக் கருதியேனும் இந்தப் பேதத்தைக் காப்பது நலம் என்பதே என் கட்சி. மத்தியஸ்தர் ஒருவர் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ ஆக இருந்தாரென்று பத்திரிகையில் படிக்கிறவன், அவரை மறுபடியும் அழைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று திகைக்க வேண்டியிருக்கிறது.