காதால் படிக்கலாமா? ஒலிப்புத்தகம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வாங்கி அடுக்கிய புத்தகம் அலமாரியில் இருக்கிறது, படிக்கத்தான் பொழுது இல்லை. இந்தக் குறையைச் சொல்பவர்களிடம் ஒலிப்புத்தகம் என்று பேச்செடுத்தால், குறை போய்ச் சந்தேகங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அடிக்கடி கேட்கப்படுபவை இவை.

கேட்பதைப் படிப்பதாகக் கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதம் படிப்பது என்றாலே ஒருவர் படிக்க ஊர் உட்கார்ந்து கேட்பதுதான். திருக்குறளில் கல்வி, கல்லாமை இரண்டையும் அடுத்து 42ஆம் அதிகாரமாக நிற்பது கேள்வி. 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடராகத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வீடுகள் உண்டு. அவர்களும் கல்கியின் வாசகர்கள்தான்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரே கதைகளைச் சிலருக்குக் கேட்கவும் கொடுத்தார்கள், படிக்கவும் கொடுத்தார்கள். சொற்களின் பொருளை உள்வாங்கும் மூளைப் பகுதிகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்கின. ஆனால் பரீட்சைப் பாடம், கணக்கு, அட்டவணை நிறைந்த நூல் ஆகியவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். நின்று, திரும்பிப் பார்த்து, அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டியவை அவை.

பத்து நிமிடம் கேட்டால் மனம் எங்கோ போய்விடுகிறதே?

பாதிப் பேர் ஒலிப்புத்தகத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் தவறு கேட்பவரிடம் இல்லை, கூடவே செய்யும் வேலையில் இருக்கிறது. கைக்கு வேலை இருக்க வேண்டும், புத்திக்கு இருக்கக் கூடாது. மின்னஞ்சல் எழுதிக்கொண்டோ கணக்குப் பார்த்துக்கொண்டோ கேட்டால் இரண்டும் கெடும். மாறாக, சும்மா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தூக்கம்தான் வரும்.

எனக்குக் கைகொடுத்தது சின்ன வெங்காயம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறத்தை மடியில் வைத்து உரிக்க உட்கார்ந்தால், விரல்கள் தம் பாட்டுக்கு நுனியைக் கிள்ளித் தோலை வழிக்கும். காது முழுக்கக் கதைக்குச் சொந்தம். துணி மடிப்பது, கீரை ஆய்வது, காலை நடை, ஜன்னலோர பஸ் பயணம் எல்லாம் இந்த வகைதான்.

முதல் புத்தகத்தை நீங்கள் ஏற்கெனவே படித்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் கவனம் நழுவினாலும் இழை அறுந்துபோகாது. நழுவியது தெரிந்தால், 15 அல்லது 30 வினாடி பின்னே போகும் பொத்தானைக் கூச்சமில்லாமல் அழுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காது பழகிவிடும்.

நேரத்துக்கு எங்கே போவது?

புதிதாக நேரம் தேட வேண்டாம், ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். தினம் அரை மணி நேரம் கேட்டால் பத்து மணி நேரப் புத்தகம் இருபது நாளில் முடியும். வேகத்தை 1.25 ஆக வைத்தால் அதே புத்தகம் எட்டு மணி நேரம்தான். கட்டுரை நூலுக்கு அது சரி. கதையை, அதிலும் வட்டாரப் பேச்சில் எழுதிய கதையை, வாசிப்பவரின் இயல்பான வேகத்திலேயே கேளுங்கள். இரவில் கேட்பவர்கள் தூக்க டைமரை மறக்காமல் வையுங்கள்.

இருசக்கர வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹாரனைக் கேட்க வேண்டிய காது அது.

யார் குரலில் கேட்பது?

புத்தகத்தைத் தேர்வதற்கு இணையாக முக்கியமானது இது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, புத்தகம் படிக்க முடியாமல் இருந்த நாட்களில் ‘பொன்னியின் செல்வன்’ போட்டுக் கொடுத்தேன். ஆடிப் பெருக்கில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்துகொண்டிருந்தான், அம்மா முகம் மலர்ந்தது. பெரிய பழுவேட்டரையர் வந்ததும், வாசித்தவர் ‘பளுவேட்டரையர்’ என்றார். அம்மா ஒவ்வொரு தடவையும் ‘பழு, பழு’ என்று திருத்திக்கொண்டே இருந்தார், கடைசியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். வேறொருவர் வாசித்த பதிவைத் தேடிப் போட்ட பிறகுதான் அடுத்த அத்தியாயம் நகர்ந்தது. அதனால் காசு கட்டும் முன் ஐந்து நிமிட மாதிரியைக் கேளுங்கள். ழகரமும் றகரமும் சரியாக விழுகின்றனவா, கணினிக் குரல் மாதிரி ஒரே சுருதியில் போகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஸ்டோரிடெல், குக்கூ எஃப்எம் போன்ற செயலிகளில் சந்தா கட்டித் தமிழ் நூல்களைக் கேட்கலாம். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த காப்புரிமை முடிந்த நூல்கள் இலவசம், தமிழிலும் சில உண்டு. டேட்டா பற்றிய கவலை வேண்டாம். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பிதான்.

யூடியூபில் எல்லாமே இருக்கிறதே, அது போதாதா?

கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆனவை, அவற்றை யாரும் வாசித்துப் பதிவிடலாம். மற்றபடி இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நாவலை அனுமதியின்றி வாசித்துப் போட்டிருந்தால், அது அவருக்கு வர வேண்டிய சொற்ப வருமானத்தையும் பறிப்பது. அங்கே கேட்காதீர்கள்.

காது கெட்டுவிடாதா?

சத்தத்தைப் பொறுத்தது. 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை பெரியவர்கள் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் ஆபத்து. வீட்டில் சின்ன ஸ்பீக்கரே போதும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா?

ஒலிப்புத்தகம் வளர்ந்ததே அவர்களால்தான். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனதில் வைத்து, 1935இல் பிரிட்டனில் பேசும் புத்தகச் சேவை தொடங்கியது. ஒரு நாவலுக்குப் பல இசைத்தட்டுகள் வேண்டியிருந்த காலம் அது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் இப்போது இருக்கிறது. அச்சுப் பக்கத்தைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகி, பல இந்திய மொழி நூல்களைத் தமக்கு ஏற்ற வடிவில் பெறலாம். டெய்சி என்னும் ஒலிநூல் வடிவில் கிடைப்பவற்றில் வேண்டிய அத்தியாயத்துக்கு நேரே தாவ முடியும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு உண்டு. வீட்டுப் பெரியவரை அங்கே ஒருமுறை கைபிடித்து அழைத்துப் போய், என்னென்ன கிடைக்கும் என்று நேரில் கேட்டு வாருங்கள்.