தவம் புரியும் பூனை

செங்கற்பட்டிலிருந்து மாணாக்கரை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனையையும் அருகிலுள்ள எலிகளையும் கண்டு அவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. மத்தேயு 23ஆம் அதிகாரத்தைப் பலமுறை போதித்த நான், விடுதியில் தங்கிப் பயிலும் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் அமர்த்தியிருந்தேன். காரணம் வினவியிருந்தால், உயரம் என்றிருப்பேன்.

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். 1838இல், தாழ்த்தப்பட்ட சிறுவர் சிலர் அங்குப் பயில்வதறிந்த பிற சாதியார் அவர்களை நீக்கக் கோரினர். அவர் மறுத்தார், மாணவர் பலர் விலகினர். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. செங்கற்பட்டிலும் அம்மிஷன் கிளைப்பள்ளி நடத்திற்று.

திங்களன்று, ஜெபத்திற்கு முன்பே இருக்கைகளை மாற்றினேன். முன்வரிசை நெட்டையன் ஒருவன் முணுமுணுத்தவாறே பின்னே சென்றான்.