பிரேக் ஆறினால் சரியாகிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலருடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். திரும்பும்போது ஒரு பழைய வாடகை ஜீப்பில் காரவள்ளியை நோக்கி இறங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை அது. பாதி வழியில், காட்சியைக் காண்பதற்காகப் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினோம். மீண்டும் புறப்பட்டு அடுத்த வளைவை நெருங்கியபோது, ஓட்டுநர் மிதித்த பிரேக் பெடல் அப்படியே தரைவரை இறங்கிவிட்டது. வண்டி நிற்கவில்லை. அவர் பதறாமல் கீழ்க் கியருக்கு மாற்றி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி வண்டியை நிறுத்தினார்.

அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லைப்போல் உறுதியாக இருந்தது. "ஒண்ணுமில்லை சார், சூடாயிடுச்சு. ஆறினதும் சரியாயிடுச்சு" என்றார். நானும் நம்பி ஏறிக்கொண்டேன். நல்லவேளையாக, மீதி வழியில் ஒன்றும் நேரவில்லை. ஆனால் இயற்பியல் கற்பிக்கும் நான் அன்று அப்படி ஏறியிருக்கக் கூடாது. ஏன் என்பதை இங்கே காண்போம்.

காலிலிருந்து சக்கரத்துக்கு

பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். நீங்கள் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மீது 100 கிலோகிராம் விசை விழும். பிஸ்டனின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் எனில், உள்ளிருக்கும் பிரேக் ஆயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன்படி, அதே அழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள சிறு சிலிண்டர்களின் மூலம் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. ஷூக்களின்மேல் ஒட்டியுள்ள லைனிங், சுழலும் டிரம்மின் உட்புறத்தை உராய்கிறது. வண்டி நிற்கிறது.

இவ்வளவும் ஒரே ஒரு பண்பை நம்பி நடக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். அதனால்தான் கால் தரும் தள்ளல் குறையாமல் சக்கரத்தைச் சென்றடைகிறது.

வெப்பம் எங்கே போகிறது?

பிரேக் வண்டியின் ஆற்றலை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. அவ்வளவே. ஆட்களுடன் சேர்த்து 1,500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு ஜீப் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்போம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 93,000 ஜூல். சமதளத்தில் ஒருமுறை நிறுத்தினால் பிரேக்குகள் ஏற்கும் வெப்பம் இவ்வளவுதான்.

அதே ஜீப் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் என்னவாகும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல் வரும். அதாவது, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 160 தடவை நிறுத்துவதற்குச் சமம். சாதாரணமாக 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால், இதில் பெரும்பகுதியை நான்கு டிரம்களே ஏற்க வேண்டியிருக்கும்.

ஆயில் கொதிக்கும் கதை

இப்போது எங்கள் ஜீப்புக்கு வருவோம். பெரும்பாலான பிரேக் ஆயில்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் கவரும் குணம் உண்டு. டாட் 3 எனப்படும் வகை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக நீர் கலந்தாலே கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155 டிகிரிகள்.

நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. எனவே ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஆவியானாலும் 16 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெடலை முழுதும் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆவியோ திரவத்தைப் போலன்றி எளிதில் சுருங்கக்கூடியது. உங்கள் கால் குமிழியைச் சுருக்குகிறதே தவிர, ஷூவைத் தள்ளுவதில்லை.

நின்று புறப்பட்டபின் பெடல் இறங்கியது ஏன்? ஓடும்போது காற்று டிரம்மைக் குளிர்விக்கிறது. நின்றதும் அக்காற்று நின்றுவிடுகிறது. டிரம்மில் தேங்கிய வெப்பம் மெதுவாக ஷூ, சிலிண்டர் வழியே ஆயிலுக்கு ஊர்ந்து செல்கிறது. நாங்கள் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆயில் கொதித்திருக்க வேண்டும்!

அரை மணி நேரத்தில் ஆவி மீண்டும் திரவமாயிற்று, பெடலும் உறுதியாயிற்று. ஆனால் ஆயிலில் கலந்த நீர் எங்கும் போய்விடவில்லை. அடுத்த இறக்கத்தில் அதே நிலை வரலாம். ஆறிய பிரேக்கை மிதித்துப் பார்ப்பது சூடான பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கால் சொல்லும் அடையாளம்

வெப்பத்தால் பிரேக் கெடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. அளவுமீறிச் சூடான லைனிங்கின் உராய்வுக் குணகம் குறைந்துவிடும். அப்போது பெடல் உறுதியாகவே இருக்கும்; வண்டிதான் நிற்காது. மேலும், வார்ப்பிரும்பு டிரம் சூட்டில் விரியும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 250 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர் கூடும். ஷூ அதிகத் தூரம் நகர வேண்டியிருப்பதால் பெடல் சற்றுத் தாழ்ந்தே பிடிக்கும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் ஆவியோ காற்றோ உள்ளது. மிதித்தபடி இருக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு உள்ளது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேய்ந்துள்ளது. பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் அறுந்தால் நான்கும் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றுகள் வைக்கும் முறை பின்னாளில் வந்தது.

செய்ய வேண்டியவை

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றினால் மட்டும் போதாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழையதை முழுதும் வெளியேற்றிப் புதியதை நிரப்ப வேண்டும். ஓடைகளைக் கடக்கும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை நல்லது. வெகுநாள் திறந்துகிடந்த டப்பாவின் ஆயில் வேண்டாம். அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். ரப்பர் குழாய்களில் வெடிப்பு, சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கசிவு உண்டா என்று பாருங்கள். ஓடையைக் கடந்தபின் பெடலை இலேசாக மிதித்தபடி சற்றுத் தூரம் மெதுவாகச் சென்றால் லைனிங் உலரும். சேற்றில் ஓடிய வண்டியின் டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இறக்கத்தில் கீழ்க் கியரில் செல்வதே முதல் பாதுகாப்பு. வெப்பத்தில் பெரும்பங்கை அப்போது என்ஜின் ஏற்றுக்கொள்கிறது. பிரேக்கை இடைவிடாது உரசவிடாமல், தேவைப்படும்போது அழுத்தி மிதித்து, பின் விட்டுவிட வேண்டும். எரிபொருள் மிச்சமாகுமென்று நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். கால் பிரேக் கைவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நினைவில் கொள்ளுங்கள். பழைய ஜீப்பில் அது கம்பியால் இயங்குவது. ஆயில் கொதிப்பது அதைத் தொடாது.

அடுத்த முறை மலை ஜீப்பில் ஏறுமுன், "அண்ணே, பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேளுங்கள். அன்று எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி இது. என் மாணவர்கள் இப்போது தவறாமல் கேட்கிறார்கள்.