உழவும் சந்தையும் தந்த ஷென்னுங்

பயிர்த்தொழில் உண்டான விதத்தைப் பற்றிச் சீன தேசத்தார் ஒரு பழங்கதை கூறுவர். அத்தொழிலை ஜனங்களுக்கு முதன்முதல் கற்பித்தவர் ஷென்னுங் என்பது அவர்கள் கொள்கை. 'தெய்வீக உழவர்' என்பது அப்பெயரின் பொருள். அவர் புராண புருஷரேயன்றிச் சரித்திர புருஷர் அல்லர். ஆயினும், அக்கதையில் விவசாயிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு.

கி. மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹுவாய்நான்ஸி என்னும் நூல் கூறுவதாவது: ஆதியில் ஜனங்கள் பூண்டுகளையும், மரத்துக் காய்கனிகளையும், நத்தை முதலியவற்றின் மாமிசத்தையும் உண்டு, நோயினாலும் விஷத்தினாலும் வருந்தினர். ஷென்னுங் அவர்களுக்கு ஐவகைத் தானியங்களை விதைக்கக் கற்பித்தார். நிலம் மேடோ பள்ளமோ, ஈரமோ வறட்சியோ, வளமுள்ளதோ அற்றதோ என்று பார்த்துப் பயிரிடும்படி போதித்தார். பூண்டுகளின் குணத்தை அறியும்பொருட்டுத் தாமே அவற்றைச் சுவைத்து, ஒரே நாளில் எழுபது விஷங்களுக்கு உள்ளானார்.

உண்மையில் பயிர்த்தொழில் ஒருவரால் ஒரு நாளில் உண்டானதன்று. வட சீனத்தில் தினையும் பனிவரகும், யாங்ஸி நதிப் பிரதேசத்தில் நெல்லும் பல தலைமுறைகளின் உழைப்பால் பயிராயின. ஹெமுடு என்னுமிடத்தில் 1973-ம் வருஷம் தொடங்கிய அகழ்வில், சுமார் 7,000 வருஷங்களுக்கு முற்பட்ட நெல்லும், மிருகங்களின் தோளெலும்பினால் செய்த மண்வெட்டிகளும் அகப்பட்டன. பெயர் தெரியாத அவ்வுழவர் அனைவரின் அனுபவத்தையும் கதை ஒருவர் மேல் ஏற்றிக் கூறுகின்றது.

ஷென்னுங் மரத்தை வளைத்து உழுகருவி செய்தார் என்று 'ஈ ஜிங்' நூலின் பிற்சேர்க்கை கூறுகின்றது. அவரே நடுப்பகலில் சந்தை கூட்டினார் என்றும், ஜனங்கள் பண்டம் மாற்றி, வேண்டியதைப் பெற்று வீடு திரும்பினர் என்றும் அது கூறும். உழுகருவியைத் தந்தவரே சந்தையையும் தந்தார் என்பது கவனிக்கத்தக்கது. விளைவித்தல் பாதித் தொழில். விளைந்ததை நியாயமாக விற்றலே மற்றப் பாதி.

கி. மு. 4-ம் நூற்றாண்டில் ஷூ ஷிங் என்பவர் ஷென்னுங்கின் உபதேசம் இதுவென்று சொல்லி ஒரு கொள்கையைப் பரப்பினார். அரசனும் குடிகளோடு உழுதுண்ண வேண்டும் என்றார். ஒரே அளவுள்ள பண்டத்துக்கு ஒரே விலை வைத்தால், சிறு பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பினாலும் எவரும் ஏமாற்றார் என்பது அவர் சீடரின் வாதம். மென்ஸியஸ் என்னும் ஞானி இதை மறுத்தார். பண்டங்கள் இயல்பிலேயே தரத்தில் வேறுபட்டவை. மட்டமான பாதரட்சைக்கும் நேர்த்தியானதற்கும் ஒரே விலையானால், நேர்த்தியாகச் செய்பவர் யார் என்று வினவினார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அளவில் மோசம் நேர்ந்தால் ஏழை விவசாயி நஷ்டமடைவான். தரம் பாராது எல்லாவற்றையும் ஒன்றாய்க் குவித்து ஒரே விலை கொடுத்தாலோ, நல்ல தானியம் விளைவித்தவன் ஊக்கம் இழப்பான். ஆகையால், அங்கத்தினரின் விளைபொருளைச் சேர்த்து விற்கும் ஐக்கிய சங்கங்கள் சரியான எடையையும், தரத்துக்கேற்ற விலையையும் ஒருங்கே காத்தல் அவசியம். இவ்விரண்டில் எது தவறினும் சங்கத்தின் மேல் அங்கத்தினருக்குள்ள நம்பிக்கை குன்றும்.