மோர் வேறு, கெட்ட பால் வேறு

திருவள்ளூர் மாவட்டத்தில் நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் பொதட்டூர்பேட்டை. சித்திரை வெயிலில் தறியில் அமர்வோர்க்கும், சுற்றுப்புறக் கழனிகளில் பாடுபடுவோர்க்கும் மோர் களைப்பைப் போக்கும் அருமருந்து. தமிழும் தெலுங்கும் வழங்கும் இவ்வட்டாரத்தில் மோர்க்குழம்பும் உண்டு. மஜ்ஜிக புலுசும் உண்டு. ஆயினும், புளித்ததெல்லாம் கெட்டது என்று நல்ல மோரைக் கொட்டுவோரும், புளித்ததெல்லாம் மோரே என்று கெட்ட பாலைக் குழந்தைக்குக் கொடுப்போரும் நம்மிடையே உளர். முன்னது பொருள் நஷ்டம். பின்னது உடலுக்கே தீங்கு.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது? பால் புளிப்பது நுண்ணுயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறிய பாலில் நாம் உறை ஊற்றும்போது நன்மை செய்யும் நுண்ணுயிர்களை விதைக்கிறோம். அவை பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பாலைத் தயிராக உறையச் செய்வதோடு, தீய கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியையும் தடுக்கிறது. உறை ஊற்றாமல் தானே திரிந்த பாலிலோ, எக்கிருமி புகுந்தது என்பதை நாம் அறியோம். விதைத்த வயலுக்கும் களை மண்டிய தரிசுக்கும் உள்ள வேற்றுமையே இது.

நல்ல தயிர் ஒரே சீராக உறைந்திருக்கும். இனிய புளிப்பு மணம் வீசும். மேலே தெளிந்த நீர் நிற்பது குற்றமன்று. துர்நாற்றம், கசப்பு, நூல்போல் இழுபடும் கொழகொழப்பு, நுரைத்த குமிழிகள், பூஞ்சை, செந்நிறம் அல்லது மஞ்சள் திட்டு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் முழுவதையும் கொட்டிவிடுதல் வேண்டும். மீண்டும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணலாகாது. கிருமி மடியினும், சில கிருமிகள் விட்டுச் சென்ற நஞ்சு கொதியிலும் அழிவதில்லை.

சமையலில் மோரைக் கொதிக்கவிட்டால் அது திரிதிரியாகப் பிரியும். ஊறவைத்த அரிசி, துவரம்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்து மோரில் கரைத்தால், அரிசியின் மாவுச்சத்து அதைப் பிரியவிடாமல் தாங்கும். வெந்த பூசணிக்காயுடன் இதனைச் சேர்த்து, சிறுதீயில் இடையிடையே கிளறி, நுரை கூடி வரும்போதே இறக்கித் தாளித்தல் வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் மோரை வைத்தல் ஆகாது. புளிப்பினால் களிம்பு ஏறும். மண்சட்டி, கல்சட்டி, எவர்சில்வர் பாத்திரம் ஆகியவை ஏற்றவை.

கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். மோர் எவ்வளவு நல்லதாயினும், அதில் கலக்கும் நீர் தூயதாக இல்லையெனில் பயன் இல்லை. காய்ச்சி ஆறிய நீரையே கலந்து, மூடிவைத்து, அன்றன்றைக்கே வழங்குவோமாக. தாகம் தீர்க்க வைத்த மோர் நோய்க்கு வித்தாகலாகாது.